பெயர் தெரியாத கிதார்

ஆண்பிள்ளைகள் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு, ஜிகினாச் சட்டையும் உயரக் குதிகால் பூட்ஸுமாக மேடையேறிக் கிதார் வாசித்தால் எப்படியிருக்கும்? 1971-ஆம் வருஷம் இங்கிலாந்தில் மார்க் போலன் என்ற பாடகர் கண்ணுக்குக் கீழே மினுமினுப்புப் பொடியைத் தடவிக்கொண்டு டெலிவிஷனில் தோன்றினார். பெற்றோர்கள் திகைத்தார்கள், பிள்ளைகள் சொக்கிப் போனார்கள். அந்தப் பாணிக்குக் 'கிளாம் ராக்' என்று பெயர் வந்தது. நாம் இதில் ஆச்சரியப்பட அதிகம் இல்லை. தெருக்கூத்திலும் பாய்ஸ் கம்பெனி நாடகத்திலும் அரிதாரம் பூசாத ஆண்பிள்ளை உண்டா? தியாகராஜ பாகவதரின் கிராப்பிலும் வைரக் கடுக்கனிலும் மயங்காத பாட்டிமார்தான் எத்தனை பேர்?

இந்த ராக் சங்கீதம் நம் அம்பத்தூர், ஆவடிப் பக்கமெல்லாம் எட்டிப் பார்த்திருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். எட்டிப் பார்த்தது மட்டுமல்ல, குடித்தனமே நடத்தியிருக்கிறது. 1949-இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. ஆவடித் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் முதல் 'விஜயந்தா' டாங்கி வெளிவந்தது. வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் வளர்ந்து கல்லூரிக்குப் போன காலத்தில் டேப் ரிகார்டரும் வந்து சேர்ந்தது. ஒரு காலி காஸெட்டையும் பாட்டு ஜாபிதாவையும் கடையில் கொடுத்தால், நாலு நாளில் பதிவு செய்து கொடுத்துவிடுவார்கள். காஸெட்டின் ஒரு பக்கம் சீர்காழி, மறுபக்கம் லண்டன் பாட்டு என்று வைத்திருந்த வீடுகளும் உண்டு!

ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்து, இப்போது அம்பத்தூரில் குடியிருக்கும் ஓர் அம்மாளுடன் அண்மையில் பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய அண்ணா 'குவீன்' குழுவின் தீவிர ரசிகர். மவுண்ட் ரோடிலிருந்து ஒரு பழைய கிதாரை வாங்கி வந்து, விரல் நுனி கன்றிப் போகும்வரை வாசிப்பாராம். தங்கை அதைத் தொட்டால் போதும், "உனக்கு எதுக்குடி அது? வீணை கத்துக்கோ!" என்று அம்மாவின் குரல் அடுக்களையிலிருந்து வந்துவிடும். வீணைக்கும் வாத்தியார் வைக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆக, தங்கைக்குக் கிடைத்தது கேட்கிற பாக்கியம் மட்டுமே. ஆனால் கேட்டதை அவர் மறக்கவில்லை. அண்ணா சொன்ன கதைகளை இன்றைக்கும் வரி தவறாமல் சொல்கிறார்.

அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது பிரையன் மேயின் கதை. 'குவீன்' குழுவின் கிதார்க்காரர் இவர். பையனாக இருந்தபோது நல்ல கிதார் வாங்கப் பணமில்லை. அப்பாவோ மின்னணுக் கருவிகள் தெரிந்த பொறியாளர். 1963-இல் அப்பாவும் பிள்ளையும் வீட்டிலேயே கிதார் செய்ய உட்கார்ந்தார்கள். கைப்பிடிக்கு, பழைய கணப்படுப்பின் மேல்சட்டத்து மரம். சுருதியை நெளிக்கும் பிடிக்கு சைக்கிள் பை மாட்டுகிற கம்பி. அதன் நுனிக்கு அம்மா ஸ்வெட்டர் பின்னுகிற ஊசியின் முனை. விரல் பலகையில் புள்ளி பதிக்க, அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பித்தான்கள்! ஏறத்தாழ இரண்டு வருஷம் உழைத்து முடித்த அந்த வாத்தியத்தைத்தான் அவர் பிறகு உலகமெல்லாம் கொண்டு போனார். ஊசி காணாமற்போனதற்கு அந்த அம்மாள் என்ன சொன்னாளோ? நம் வீடாக இருந்தால் மூன்று நாள் பேச்சு ஓய்ந்திருக்காது. (இதே பிரையன் மே 2007-இல் வான சாஸ்திரத்தில் டாக்டர் பட்டமும் வாங்கினார். கிதார் எடுத்த பிள்ளை படிக்காது என்பவர்கள் கவனிக்கவும்.)

அதே குழுவின் பாடகர் பிரெடி மெர்க்குரி பம்பாய்ப் பக்கத்துப் பஞ்சகனியில் பள்ளிக்கூடம் படித்த பார்ஸிப் பிள்ளை. டேவிட் போவிக்குப் பக்கத்தில் நின்று வாசித்த மிக் ரான்சன், அதற்குமுன் ஹல் நகரசபையில் தோட்ட வேலை பார்த்தவர். அண்ணாவுக்கு எல்லாம் தலைகீழ்ப் பாடம்.

1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்தது. 'இளைய நிலா' பாட்டு ரேடியோவில் வராத நாளில்லை. ஆரம்பத்தில் ஒரு கிதார் தனியாகப் பேசும். பாடகர் நிறுத்திய பிறகு, இன்னும் சொல்ல ஏதோ மிச்சமிருப்பது போல மறுபடி பேசும். தங்கை ஒருநாள், "அண்ணா, இதை வாசிக்கிறது யாரு?" என்று கேட்டாள்.

அண்ணா விழித்தார். லண்டன் கிதார்க்காரரின் அம்மா வைத்திருந்த ஊசிவரை தெரிந்தவருக்கு, பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய கோடம்பாக்கத்தில் வாசித்தவரின் பெயர் தெரியவில்லை!

அவர்மேல் குற்றமில்லை. தெரிந்துகொள்ள வழி ஏது? இசைத்தட்டு உறையில் இசையமைப்பாளர் உண்டு, கவிஞர் உண்டு, பாடகர் உண்டு. வாசித்தவர் இல்லை. லண்டன் இசைத்தட்டிலோ நாலு பேர் பெயரும் படமும் இருக்கும். இத்தனைக்கும் இளையராஜாவே கிதார் வாசிப்பவர். தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு சங்கீதம் கற்று, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிதார்த் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியவர்.

'இளைய நிலா'வில் வாசித்தவர் சந்திரசேகர். டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமனின் சகோதரர். அதே குழுவில் சதானந்தம் கிதாரிலும், சசிதரன் பேஸ் கிதாரிலும் எத்தனையோ பாட்டுகளைத் தாங்கியிருக்கிறார்கள். சமையல் செய்தபடி, துணி மடித்தபடி, குழந்தையைத் தூங்க வைத்தபடி இவர்களை நாம் கேட்டிருக்கிறோம். நாமும் ஒருவகையில் கிதார் ரசிகைகள்தான். யாருடைய ரசிகை என்பது மட்டும் தெரியவில்லை. தொண்ணூறுகளில் ரஹ்மான் தம்முடைய ஒலிநாடாக்களில் வாத்தியக்காரர்களின் பெயர்களை அச்சிட்டபோது, பொடி எழுத்தாக இருந்தாலும் கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்தவர்கள் உண்டு.

அந்த அம்மாளுக்குச் சந்திரசேகரின் பெயர் தெரிய இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அண்ணா இப்போது வெளியூரில் இருக்கிறார். உடனே அவருக்கு டெலிபோன் செய்து சொன்னாராம். "அப்படியா!" என்றவர், சற்று நேரம் பேசவில்லையாம். பழைய கிதார் பரண்மேல் இருக்கிறது, தந்தி இல்லை. பேத்தி அதை இறக்கித் தரச்சொல்லி நச்சரிக்கிறாள். "இறக்கிடலாம்னுதான் இருக்கேன்" என்றார் அந்த அம்மாள்.

கல்யாணக் கச்சேரிகளிலும் கோயில் திருவிழா மெல்லிசையிலும் இந்தப் பாட்டுகளைக் காதால் கேட்டே கற்றுக்கொண்டு, சீட்டு அனுப்பினால் உடனே வாசித்த கிதார்க்காரர்கள் கொரட்டூரிலும் பட்டாபிராமிலும் பூந்தமல்லியிலும் இருந்தார்கள். அவர்களுக்கு உறையும் இல்லை, பொடி எழுத்தும் இல்லை. உங்கள் பேட்டையில் வாசித்தவர் யார் என்று ஞாபகமிருந்தால், அவருடைய பெயரோடு ஒரு கார்டு எழுதிப் போடுங்கள்.