டிஸ்கஸ் மீனுக்கு சோடி பாக்குறது நம்ம வேலை இல்லைங்க

மீன் கடையில ரெண்டு டிஸ்கஸைப் பிடிச்சு ஒரே பையில போட்டு, "இது சோடிங்க" என்று கொடுத்தால் நம்பி வாங்காதீங்க. இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். அவசரத்தில் இருக்கிறவங்க இதோட போய் வேலையைப் பாக்கலாம்.

காடு தோட்டம்னு எழுதிட்டிருந்தவனுக்கு இது எதுக்குன்னு கேப்பீங்க. எங்க ஊர்ப்பக்கம் இப்ப நாலஞ்சு பசங்க கொட்டகையில் சிமெண்டுத் தொட்டி கட்டி வண்ண மீன் வளர்க்கிறாங்க. கப்பி, மோலியில் ஆரம்பிச்சு, கொஞ்சம் கை பழகினதும் ஆசை டிஸ்கஸ் பக்கம் போகுது. விலை அப்படி. ஆனா கப்பியில் எது ஆண், எது பெண் என்று பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லிரும். டிஸ்கஸ் அமேசான் ஆத்துப் பக்கத்து மீன். தட்டு மாதிரி வட்டமா, ஆணும் பெண்ணும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும்.

நெத்தி மேடா, உதடு தடிப்பா இருந்தா ஆண். முதுகுத் துடுப்பின் நுனி கூரா இருந்தா ஆண், உருண்டா பெண் என்பாங்க. முழுப் பொய் இல்லை, சில மீன்ல ஒத்து வரும். ஆனா நல்லாத் தின்ன பெட்டை, இளைச்ச ஆணை விடப் பெரிசாத் தெரியும். மாட்டுக்குப் பல்லைப் பிடிச்சு வயசு சொல்ற மாதிரி இதில் அடிச்சுச் சொல்ல முடியாது. உறுதியான அடையாளம் ஒண்ணுதான்: முட்டை போடுற சமயத்தில் வயித்துக்கு அடியில் ஒரு சின்னக் குழல் வெளியே வரும். பெண்ணுக்கு அகலமா மொட்டையா, ஆணுக்கு மெலிசா கூரா. அதுவும் அந்த நேரத்தில்தான் தெரியும். பைக்குள்ள மிரண்டு கிடக்கிற மீன்ல எங்கிருந்து தெரியும்?

புறா வளர்த்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். புறாவிலும் பாத்த உடனே ஆண் பெண் சொல்றது கஷ்டம்; எது எதோட சேருதுன்னு பாத்துத்தான் தெரிஞ்சுக்குவோம். டிஸ்கஸும் அப்படித்தான். கூட்டத்தில் ரெண்டு மட்டும் ஒரு மூலையைப் பிடிச்சுக்கும். மத்ததை அண்ட விடாம விரட்டும். எதிரெதிரா வந்து தலையைத் தாழ்த்தி வணக்கம் போடுற மாதிரி குனியும், உடம்பு லேசா நடுங்கும். அப்புறம் ஃபில்டர் குழாயையோ இலையையோ வாயால கொத்திக் கொத்தி சுத்தம் பண்ணும். வால் பக்கம் நிறம் கருக்கும். இதெல்லாம் கண்டா சோடி சேந்தாச்சு, இன்னும் சில நாள்ல முட்டை.

இங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. ரெண்டு பெட்டை கூட சோடி சேர்ந்து இதையெல்லாம் செய்யும், ரெண்டுமே முட்டையும் போடும். என் பங்காளி பையனுக்கு நடந்தது அதுதான். அடகு வெச்ச பணத்தில் "குஞ்சு எடுத்த சோடி"ன்னு வாங்கிட்டு வந்தான். முட்டை போடும், ரெண்டு நாள்ல எல்லாம் வெள்ளையா பூசணம் பிடிச்சிரும். கேட்டதுக்கு, "முதல் மூணு நாலு தடவை அப்படித்தான் தம்பி, பொறுங்க"ன்னு பதில். இதில் என்ன வேடிக்கைன்னா, அந்தப் பதில் பொய்யும் இல்லை. நல்ல சோடியே ஆரம்பத்தில் முட்டையைத் தின்னுரும். அந்த உண்மைக்குப் பின்னாடிதான் விக்கிறவங்க ஒளிஞ்சுக்கிறாங்க. "பெரியப்பா, ரெண்டுமே குழாயில உரசி முட்டையை ஒட்டிட்டுப் போவுதுங்க"ன்னு அவன் வந்து சொன்னப்பத்தான் விஷயம் வெளிச்சமாச்சு. வட்டி மட்டும் அதுவரைக்கும் ஓடிட்டிருந்தது.

என்னைக் கேட்டா, நல்லாக் குஞ்சு எடுக்கிற சோடியை ஒருத்தர் ஏன் விக்கணும்? சந்தையில் கறவை மாட்டை ஓட்டிட்டு வந்தவரிடம் முதல்ல அதைத்தானே கேப்போம்! உண்மையான சோடியா இருந்தாலும், தொட்டி மாறினதும் பிரிஞ்சு சண்டை போடுறதும் நடக்கும்.

அதனால ஆறேழு இளம் மீனா வாங்கி, முந்நூறு லிட்டர் தொட்டியில் ஒண்ணா விட்டு வளருங்க. ஒரு வயசு தாண்டட்டும். தண்ணி 28-லிருந்து 30 டிகிரி சூட்டில் இருக்கணும். அதுங்களே சேர்ந்ததும் அந்த ரெண்டை மட்டும் தனித் தொட்டிக்கு மாத்தி, ஒரு மண் சட்டியைக் கவுத்து வெச்சிருங்க. போர் தண்ணி உப்பா இருந்தா நல்ல சோடியோட முட்டையும் பொரிக்காது, மழைத்தண்ணியோ ஆர்.ஓ. தண்ணியோ கலந்து மெதுவா ஆக்குங்க. காசு குறைவு, காத்திருப்பு அதிகம்.

முட்டையைத் தனியா எடுத்து மருந்துத் தண்ணியில் பொரிக்க வெச்சு செயற்கைத் தீனியில் வளர்க்கிறதும் நடக்குது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டிஸ்கஸ் குஞ்சு தாய் தகப்பன் உடம்பில் ஊறுற வழவழப்பைத் தின்னுதான் வளரும். புறா தன் குஞ்சுக்குத் தொண்டைப் பால் ஊட்டுற மாதிரிதான். 2010-ல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்துக்காரங்க, முட்டை போட்ட பிறகு அந்த வழவழப்பில் புரதமும் நோய் எதிர்ப்புச் சத்தும் கூடுதுன்னு கண்டுபிடிச்சாங்க. ஒண்ணு களைச்சா சடக்குனு உடம்பை உதறி, குஞ்சுக் கூட்டத்தை மத்ததுகிட்ட தள்ளி விடும். ரெண்டு மூணு வாரம் இப்படி மாத்தி மாத்தி ஓடும். சோடி வாங்கித்தான் ஆகணும்னா, குஞ்சு ரெண்டு மேலயும் ஒட்டி மேயுறதை விக்கிறவர் தொட்டியிலேயே நின்னு பாத்துட்டு, அப்புறம் விலை பேசுங்க.