சோத்தக் குறைக்கச் சொல்வதற்கு முன்னால்

"சோத்தக் குறைச்சா ஊசியே தேவையில்ல." இந்த ஒரு வாக்கியம் தமிழ்நாடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது. வாட்ஸப்பில் வருகிறது, யூட்யூபில் வருகிறது, கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் வாயிலிருந்தும் வருகிறது. இரண்டாம் வகைச் சர்க்கரைக்காரர்கள் சிலருக்கு இது பலித்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முதல் வகைக்காரருக்கு, கணையம் இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிட்ட பிள்ளைக்கு, இது கொலைவாக்கியம். "நல்லா சாப்பிடட்டும், ஊசியக் கூட்டிக்கலாம்" என்று முடித்துக்கொள்ளும் மருத்துவத்தோடும் எனக்குச் சண்டை உண்டு. இரண்டு தரப்பும் தாயில்பட்டி போன்ற ஒரு ஊரை மனதில் வைத்துப் பேசவே இல்லை.

ஊசி இல்லாத பத்தியம் புதுசு ஒன்றுமில்லை. இன்சுலின் வருவதற்கு முன்பு அமெரிக்காவில் ஃபிரெடரிக் ஆலன் என்ற மருத்துவர் மாவுச்சத்தை வெட்டி, உணவையே வெட்டி, பட்டினி வைத்தியம் செய்தார். பிள்ளைகள் எலும்பும் தோலுமாகக் கொஞ்சகாலம் கூடுதலாக இருந்தார்கள், பிறகு செத்தார்கள். 1922 ஜனவரியில் டொரன்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. அவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். இன்சுலின் இல்லாத உடம்பு கொழுப்பைக் கட்டுக்கடங்காமல் உருக்கும், கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஏறும், ஆள் மயங்கிச் சாவான். பேலியோக்காரர்கள் கொண்டாடும் கீட்டோன் வேறு, இது வேறு. இரண்டுக்கும் நடுவில் நிற்பது இன்சுலின்தான்.

ஆனால் மறுபக்கத்து உண்மையையும் சொல்லியாக வேண்டும். ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் 12 வயதில் முதல் வகைச் சர்க்கரை வந்தவர், தொழிலால் பொறியாளர். 1969இல் 650 டாலருக்கு ஒரு மீட்டர் வாங்கி, ஒரு நாளைக்குப் பலமுறை தன் ரத்தத்தைத் தானே சோதித்தார். மாவுச்சத்து குறைந்தால் ஊசி அளவும் குறைகிறது, அளவு குறைந்தால் தப்புக்கணக்கும் சின்னதாகிறது என்று கண்டார். பிறகு டாக்டருக்கே படித்து, 90 வயது வரை வாழ்ந்தார். 2018இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்த ஆய்வில், இந்த வழியில் போன 316 பேரின் சராசரி ஹெச்பிஏ1சி 5.67. அத்தனை பேரும் தாங்களாக முன்வந்து விவரம் தந்தவர்கள் என்பதால் அதை எல்லாருக்கும் பொருத்திவிட முடியாது. ஆனாலும் "முதல் வகைக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று ஒரே அடியாக அடிப்பதும் இனி செல்லாது.

இப்போது வெம்பக்கோட்டை தாலுகாவுக்கு வருவோம். அரசு ஆஸ்பத்திரிகளில் பரவலாகத் தருவது முப்பதுக்கு எழுபது கலவை இன்சுலின். காலையில் இவ்வளவு, ராத்திரி இவ்வளவு என்று அளவு எழுதித் தந்துவிடுவார்கள். காலையில் போட்ட ஊசி மத்தியானச் சோற்றையும் எதிர்பார்த்துத்தான் வேலை செய்கிறது. அந்த அளவை மாற்றாமல் சோற்றை மட்டும் நிறுத்தினால் சர்க்கரை விழும். கை நடுங்கும், வேர்க்கும், புத்தி தடுமாறும். அந்தக் கை பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் கையாக இருந்தால்? ஒரு அறைக்கு நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அங்கே விதி. ஒரு உரசல் போதும். போனில் பத்தியம் சொன்ன ஆள் அப்போது எங்கே இருப்பார்?

சரி, சோற்றுக்குப் பதிலாக எதைத் தின்பது? 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25. முட்டை ரேஷனில் கிடையாது. "கம்பங்கூழ் குடிங்க, சோளம் சாப்பிடுங்க" என்று கரிசல்காட்டுக்காரனுக்கே கம்பை அறிமுகம் செய்கிறவர்களுக்கு ஒரு கணக்கு: 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து ஏறக்குறைய 78 கிராம், கம்பிலும் 60க்கு மேல். மெதுவாக ஏறும் என்பதில் கொஞ்சம் நியாயம் உண்டு, ஏறாது என்பதில் இல்லை. பள்ளிக்கூடத்தில் காலையில் உப்புமா, கிச்சடி, பொங்கல். பசித்த பிள்ளைகளுக்கு அது பெரிய காரியம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே வரிசையில் ஊசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு, அந்தத் தட்டுக்கு எத்தனை யூனிட் என்று யார் சொல்லித் தந்தது?

இந்தக் கணக்கெல்லாம் தெரிய ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். ஒரு ஸ்ட்ரிப் 15லிருந்து 25 ரூபாய் என்று வைத்தாலும், நாளைக்கு நாலு தடவை சோதித்தால் மாதம் 1,800லிருந்து 3,000 ரூபாய். மழைக்கும் விபத்துக்கும் ஆலை மூடிவிட்டால் கூலியே இல்லாத வீடு அது. அந்த வீட்டம்மாவிடம் போய் "உங்களுக்குக் கட்டுப்பாடு பத்தாதும்மா" என்கிறோம். வெட்கமாக இல்லையா?

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. இன்சுலின் கொடுக்கும் ஜன்னலிலேயே ஸ்ட்ரிப்பும் கொடுங்கள். சாப்பாட்டுக்குத் தக்க அளவை மாற்றிப் போடுகிற மாதிரி, வேளை இன்சுலினும் நீள இன்சுலினும் தனித்தனியாகக் கொடுங்கள். முதல் வகைப் பிள்ளையின் குடும்ப அட்டைக்கு அரிசியில் ஒரு பங்குக்குப் பதிலாக முட்டையும் கடலையும் கொடுங்கள். டாக்டரைக் கேட்டு, ஊசியைக் குறைத்து, சோதித்துச் சோதித்துத்தான் சோற்றைக் குறைக்க வேண்டும் என்று ஒரு நர்சம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும். இதையெல்லாம் செய்துவிட்டு அப்புறம் தாயில்பட்டிக்காரரிடம் சோத்தக் குறைக்கச் சொல்லுங்கள். கேட்பார்கள். அதுவரைக்கும் ஊசியை நிறுத்தச் சொல்லி வீடியோ போடுகிறவர்கள் தயவுசெய்து வாயை மூடிக்கொள்ளுங்கள்.