பஞ்சாங்கமும் சார்பும்

கல்லூரி விழாக் கொண்டாடும் வேளையில், எழுப்பிய கட்டடங்களையும் ஈட்டிய வெற்றிகளையும் எண்ணி மகிழ்தல் இயல்பே. வகுப்பறையில் நாம் எதனை எவ்வாறு கற்பிக்கின்றோம் என்பதனையும் உடன் எண்ணிப் பார்த்தல் நன்று. கணித பாடத்திலே ‘சார்பு’ என்னும் பகுதி குறித்து ஒரு கருத்தை ஈண்டுக் கூற விழைகின்றேன்.

சார்பு என்றால் யாது என உயர்தர வகுப்பு மாணவனை வினவினால், பெரும்பாலும் ஒரு சமன்பாட்டை எழுதிக் காட்டுவான். சமன்பாடு சார்பைக் கூறும் வழிகளுள் ஒன்று, அதுவே சார்பாகிவிடாது. ஒரு தொடையின் ஒவ்வோர் உறுப்புக்கும் மற்றொரு தொடையில் ஒன்றே ஒன்றான உறுப்பைக் குறித்துக் கொடுக்கும் விதியே சார்பாகும். முதற்றொடை ஆட்சி, மற்றது இணையாட்சி, உண்மையில் விடைகளாய் வருவனவற்றின் தொடை வீச்சு. இவற்றை மனனஞ் செய்தல் எளிது. பொருளுணர்த்துதற்கோ, நம் வீட்டு அலுமாரியில் இருக்கும் பஞ்சாங்கமே போதும்.

நாடோறும் சூரியன் உதிக்கும்போது நிலவும் திதி யாதெனப் பஞ்சாங்கம் கூறுகின்றது. ஓர் உதயத்துக்கு ஒரு திதியே உண்டு. ஆதலின் இது சார்பு. சமன்பாடு எதுவும் கண்ணிற் படவில்லை. அட்டவணை மாத்திரமே உள்ளது. சந்திரன் சூரியனிலிருந்து 12 பாகை விலகுதற்குச் செல்லும் காலமே ஒரு திதி. சந்திரன் ஒரே வேகத்திற் செல்லாமையால், திதியின் அளவு ஏறத்தாழ 19 மணி முதல் 26 மணி வரை மாறும். நீண்ட திதி சில வேளை இரண்டு உதயங்களைத் தொடும். ஆகவே இச்சார்பு ஒன்றுக்கொன்றானதன்று. குறுகிய திதி சில வேளை எந்த உதயத்தையும் தொடாது கழியும். ஆகவே மாதத்தின் முப்பது திதிகளை இணையாட்சியாகக் கொண்டால், அம்மாதத்தின் வீச்சு அதனை நிரப்பாது. திதி விருத்தி, திதி க்ஷயம் என நம் பாட்டிமார் அறிந்திருந்தவை இவையே.

வாக்கிய முறையிற் சந்திரனுக்கு 248 வாக்கியங்கள் உண்டு. வரருசி இயற்றியனவென மரபு கூறும். எண்களை எழுத்துகளாற் குறித்த அவ்வாக்கியங்களின்படி, தொடக்கத்திலிருந்து முதல் நாள் சந்திரன் செல்வது 12 பாகை 3 கலை. இரண்டாம் நாள் முடிவில் 24 பாகை 9 கலை. 248 நாள் கழிந்ததும் அதன் வேகம் பழைய ஒழுங்குக்கு மீளும். ஆவர்த்தனச் சார்பென்று கரும்பலகையில் எழுதுவதன் பொருள் இதுவேயாம்.

வாக்கியமும் திருக்கணிதமும் ஒரே நாளுக்கு வெவ்வேறு நேரங் கூறுகின்றனவே, ‘ஒன்றே விடை’ எங்ஙனம் என மாணவன் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆட்சி ஒன்றாயினும் விதிகள் இரண்டாதலால், அவை இரு வேறு சார்புகள்; ஒவ்வொன்றும் தன்னளவில் ஒரே விடை தருகின்றது. எது வானத்தோடு நெருங்கி ஒத்துள்ளது என்பதை வானத்தைப் பார்த்தே தீர்க்கவேண்டும்.

இனி என் கருத்துக்கு வருகின்றேன். யோன் வாரன் என்பவர் 1825இல் சென்னையில் வெளியிட்ட ‘கால சங்கலித’ என்னும் நூலில், புதுச்சேரியிற் கண்ட பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதியுள்ளார். அவர் நிலத்திலே சோகிகளை வைத்து, மனனஞ் செய்த வாக்கியங்களைக் கொண்டே அவ்வாண்டின் சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்தார். தொடக்க நேரத்திற் பிழை நான்கு நிமிடமே. முடிவிலோ 52 நிமிடம். வியத்தகு ஆற்றல்! ஆயினும் அக்கணிதத்தின் கொள்கையை அவர் அறியார் என்கின்றார் வாரன். பிழை ஏன் வந்ததென்று ஆராய அவருக்கு வழியில்லை.

நம் மாணவர் பலர் இன்று அந்நிலையிலேயே உள்ளனர். வகையீடும் தொகையீடும் விரைந்து செய்வர். 9இன் நேர் வர்க்கமூலம் 3 என்பர். மறை 3இன் வர்க்கமும் 9 ஆதலால், ஆட்சியைக் குறுக்கினாலன்றி வர்க்கச் சார்புக்கு நேர்மாறு இல்லை என்பதனை உணரார். வினா சற்றே மாறியவிடத்துத் திகைத்து, ‘கணிதம் எனக்கு வராது’ என்று பாடத்தையே கைவிடுவாரும் உளர். குறை அவர்களுடையதன்று.

ஆசிரியர்க்கு என் வேண்டுகோள் ஒன்று: சமன்பாடு எழுதுமுன் மூன்று வினாக்களை மாணவரிடம் கேளுங்கள். எவற்றை உள்ளிடலாம்? விடை ஒன்றுதானா? விடையிலிருந்து திரும்பி வர இயலுமா? பழைய மாணவர்க்கும் ஒன்று: கணக்கை விரைந்து முடிப்பவனுக்குப் பரிசு வைக்கின்றோம், விடை ஏன் அவ்வாறு வந்ததென்று தெளிவுற விளக்குபவனுக்கும் ஒரு பரிசு வைப்போமாக.