மெஷினுக்குக் கண்ணு இருக்கு, காது?

"இனிமே நோயாளியை டாக்டருக்குப் புரிய வைக்கப் போறது செயற்கை நுண்ணறிவுதான்"னு ஆளாளுக்குக் கிளம்பிட்டாங்க மக்களே. கடப்பாக்கத்துல உக்காந்து இதைப் படிச்சா சிரிப்பு பாதி, கோவம் பாதியா வருது.

மெஷினே வேஸ்ட்னு சொல்ல வரலை. சர்க்கரை வியாதியால விழித்திரை கெடுறதைப் படத்தை வச்சே சொல்ற கூகுள் மென்பொருள் பத்தி 2016-ல ஜாமா இதழ்ல கட்டுரை வந்துச்சு. அது பாடம் படிச்ச படங்கள்ல நம்ம அரவிந்த், சங்கர நேத்ராலயா படங்களும் உண்டு. கண் டாக்டர்களுக்குச் சமமா மார்க் வாங்குச்சு. சபாஷ்!

அதே மென்பொருள் தாய்லாந்து கிளினிக்குகளுக்குப் போனப்போ, அஞ்சுல ஒரு படத்துக்கு மேல 'தரம் பத்தாது'ன்னு தள்ளிடுச்சு. பல இடத்துல ரூம் வெளிச்சம்தான் பிரச்சினை. 2020-ல கூகுள் ஆட்களே எழுதினது இது. படம் சரியில்லாத பேஷண்டுங்க வேற ஆஸ்பத்திரிக்கு அலையணும்.

சரி, படம் கிடக்கட்டும். புரிஞ்சுக்கறதுன்னா படம் பாக்குறதா? "கிறுகிறுன்னு வருது, நெஞ்சு படபடங்குது, கையி காலு ஓஞ்சு போச்சு"ன்னு ஒரு ஆயா வந்து நிக்குது. ரத்தசோகையா? சர்க்கரை இறங்கிடுச்சா? இல்ல, கடலுக்குப் போன மவன் இன்னும் கரை திரும்பலையா? இன்னும் நாலு கேள்வி கேட்டாத்தான் தெரியும். கேக்க நேரம் வேணுமே!

67 நாடுகளை அலசி 2017-ல பிஎம்ஜே ஓப்பன்ல ஒரு கணக்கு வந்துச்சு. டாக்டர் ஒரு நோயாளிக்கு ஒதுக்குற நேரம் ஸ்வீடன்ல இருபத்திரண்டரை நிமிஷம், வங்கதேசத்துல 48 செகண்ட். இந்தியாவுல? சுமாரா ரெண்டு நிமிஷம். (நூடுல்ஸே வேகாது.)

ரெண்டு பேரும் பேசறதைக் கேட்டுத் தானா குறிப்பு எழுதுற மென்பொருளும் வந்தாச்சு. டாக்டர் கம்ப்யூட்டரை விட்டுட்டு ஆளைப் பாக்கலாம்கறாங்க. நல்லதுதான். ஆனா மிச்சமாகுற நிமிஷம் ஆயாவுக்கா, இல்ல க்யூவுல இன்னும் பத்து பேரைச் சேக்கவா? இந்தக் கேள்வியைக் கேட்டா மட்டும் எல்லாரும் கப்சிப்.

2021 ஆகஸ்ட் 5-ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல, பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து தர்ற அக்காக்கள் இருக்காங்க. எந்த வீட்ல மாத்திரை பிரிக்காமலே கிடக்கு, எந்த வீட்ல ஒரு வேளைதான் சோறுன்னு அவங்களுக்குத் தெரியும். அந்தக்கா சொல்றதை டாக்டர் ஸ்கிரீன்ல முதல் வரியா கொண்டு வந்து நிறுத்துங்கப்பா, உங்க மென்பொருளுக்கு நானே ஓசியில விளம்பரம் பண்றேன் :-)