பின்னந்தலையை யார் பார்ப்பது?

போன வாரம் புனேயில் இருக்கும் சித்தப்பா மகன் ஃபோன் செய்தான். வயசு முப்பத்திரண்டு. "அண்ணா, முடி நட்டுக்கலாம்னு இருக்கேன். நீங்க பண்ணிக்கிட்டீங்களே, எப்படி இருக்கு?" என்றான். எத்தனை கிராஃப்ட், ஒரு கிராஃப்டுக்கு எவ்வளவு, எத்தனை மாசத்தில் முளைக்கும், இ.எம்.ஐ. உண்டா என்று முக்கால் மணி நேரம் கேள்வி மேல் கேள்வி. எல்லாம் முன்நெற்றியைப் பற்றி. முடியை எடுக்கப்போகும் பின்னந்தலையைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

அவனைக் குறை சொல்லவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் கேட்கவில்லை. அதற்கு நான் கொடுத்த விலையைத்தான் இங்கே எழுதுகிறேன். வெளியூரில் தனியாக இருந்துகொண்டு இதைச் செய்துகொள்ள நினைக்கும் யாருக்காவது உதவினால் சரி.

அப்போது எனக்கு 44 வயசு. லக்னோவுக்கு மாற்றல். பெண்ணுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு என்பதால் குடும்பம் சென்னையிலேயே இருந்தது. வங்கிக்காரர்கள் வீட்டில் இது புதுசா என்ன? காலையில் பிரெட், ராத்திரி ஒரு குக்கர் சாதம், பாட்டியாலாவில் வாங்கிய ஊறுகாய் என்று ஓடிக்கொண்டிருந்தது. கிளையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் என்னை "அங்கிள்" என்று கூப்பிட்டான். அன்று ராத்திரி கண்ணாடி முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டேன். ஹி ஹி.

தசரா விடுமுறையோடு இரண்டு நாள் கேஷுவல் லீவ் சேர்த்துக்கொண்டேன். தங்கமணியிடம் "ஆடிட் இருக்கு, ஃபோன் எடுக்க முடியாது" என்று ஒரு பொய். 2200 கிராஃப்ட். காலை எட்டரைக்குப் படுத்தவன் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் எழுந்தேன். கிளம்பும்போது கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். முன்பக்கத்துக்கு எத்தனை தடவை ஸ்ப்ரே, எப்படிப் படுப்பது, எதைத் தொடக்கூடாது என்று பத்து வரி. பின்னந்தலைக்கு ஒரே வரி: களிம்பு தடவவும். "மூணு நாள்ல ஆபீஸ் போகலாம் சார்" என்றும் சொன்னார்கள்.

அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

முன்பக்கமும் உச்சியும் வழுக்கையானாலும், இரண்டு காதுகளுக்கும் நடுவே பின்பக்கமாக ஓடும் பட்டையில் முடி பெரும்பாலும் கடைசி வரை தங்கும். அங்கிருந்து எடுத்து எங்கே நட்டாலும் அதன் குணம் மாறாது. 1959-ல் நியூயார்க் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் எழுதிய கட்டுரையில் வந்தது இது. இந்தத் தொழிலே அதன் மேல்தான் நிற்கிறது. அந்தப் பட்டைக்குப் பெயர்தான் டோனர் ஏரியா.

பழனியில் மொட்டை போட்டால் மூன்று மாசத்தில் முடி வந்துவிடும், ஏனென்றால் வேர் இருக்கிறது. இதில் வேரையே தோண்டி எடுக்கிறார்கள். எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. சுற்றியிருக்கும் முடி மறைப்பதால்தான் வெளியே தெரிவதில்லை. எங்கள் பாஷையில் சொன்னால் இது வட்டி இல்லை, அசல். ஒவ்வொரு கிராஃப்டும் அசலிலிருந்து எடுக்கும் பணம். திரும்ப டெபாசிட் செய்ய வழியே கிடையாது. அளவுக்கு மேல் எடுத்தால் பின்னந்தலை பூச்சி அரித்த கம்பளி மாதிரி ஆகிவிடும். முப்பது வயசில் எல்லாவற்றையும் முன்பக்கம் கொட்டிவிட்டு, நாற்பத்தைந்தில் உச்சி காலியாகும்போது எடுப்பதற்கு ஒன்றுமில்லாமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று. 2200 கிராஃப்ட் என்றால் பின்னந்தலையில் 2200 ஓட்டை. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குள்தான், ஆனால் அத்தனையும் காயம். இது எஃப்யூஇ முறை. எஃப்யூடி முறையில் தோலை ஒரு பட்டையாக வெட்டி எடுத்துத் தையல் போடுவார்கள். பத்துப் பதினாலு நாளில் பிரிப்பார்கள். எந்த முறையானாலும் பின்னந்தலையில் நடப்பது ஆபரேஷன். பார்லர் வேலை இல்லை.

நான் பார்லர் வேலை என்றே நினைத்துவிட்டேன்.

நாலாம் நாள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஆக்டிவாவில் ஆபீஸ் போனேன். ஐந்தாம் நாள் பின்பக்கம் வறண்டு இழுத்தது. நம்ம ஊர்க்காரனுக்கு வறட்சி என்றால் ஒரே மருந்துதான்: தேங்காய் எண்ணெய். தாராளமாகத் தடவினேன். ஆறாம் நாள் அரிப்பு. பகலில் அடக்கிக்கொள்ளலாம், தூக்கத்தில் கை சொன்ன பேச்சைக் கேட்குமா? காலையில் நகத்தில் ரத்தம். கிளினிக்குக்கு வாட்ஸப்பில் கேட்டேன். "நார்மல் சார்" என்று பதில் வந்தது. போட்டோகூடக் கேட்கவில்லை.

முன்பக்கத்தை நான் தினமும் கண்ணாடியில் பார்த்தேன். ஒவ்வொரு முடியாக எண்ணாத குறை. பின்பக்கத்தை எப்படிப் பார்ப்பது? வீட்டில் வேறு ஆள் கிடையாது. மொபைலைப் பின்னால் பிடித்து எடுத்தால் பாதிப் படத்தில் காதுதான் விழுந்தது.

எட்டாம் நாள், கிளையில் எனக்கு டீ கொண்டுவரும் சப்-ஸ்டாஃப் பெரியவர் மெதுவாகப் பக்கத்தில் வந்து "சாப், காலர்" என்றார். தொட்டுப் பார்த்தேன். ஈரம். சீழும் ரத்தமும். அப்போதுதான் உடம்பு கொதிப்பதும் உறைத்தது. அவரே ஆட்டோ பிடித்து ஒரு தோல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா அட்மிஷன்தான்" என்றார். பத்து நாள் மாத்திரை, தினமும் டிரெஸ்ஸிங்.

அன்று ராத்திரி தங்கமணியிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏங்க, இந்த முடி எனக்காகவா? சொல்லியிருந்தா நான் நாலு நாள் வந்து இருந்திருப்பேனே. பின்னாடி என்ன ஆச்சுன்னு பார்க்கக்கூட ஆள் இல்லாம..." என்றாள். மேலே பேசவில்லை. திட்டியிருந்தாலே தேவலை.

இப்போது முன்பக்கம் நன்றாகவே இருக்கிறது. பின்பக்கம் இரண்டு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு தழும்பு. அங்கே முடி வராது. முடி வெட்டும்போது ஒவ்வொரு தடவையும் "என்ன சார் இது?" என்று கேட்கிறார்கள். அந்தக் கிளினிக்கிலிருந்து ஆறு மாசம் கழித்து ஃபோன்: "உச்சிக்கு இன்னும் 1500 போடலாம் சார், டிஸ்கவுண்ட் இருக்கு." எங்கிருந்து எடுப்பீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை.

என் கருத்து இதுதான். முடி நட்டுக்கொள்வது தப்பில்லை, அதை நையாண்டி செய்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ஒளித்துச் செய்வதுதான் தப்பு. நம் கண்ணுக்கே தெரியாத இடத்தில் காயத்தை வாங்கிக்கொண்டு, அதை யாரும் பார்க்க முடியாதபடி ஊரை விட்டுத் தள்ளி ஒளிந்துகொள்வது முட்டாள்தனம். நான் செய்த முட்டாள்தனம்.

விபரீதமும் நடந்திருக்கிறது. 2016-ல் சென்னையில் இந்தச் சிகிச்சைக்குப் போன ஒரு மருத்துவ மாணவர் இறந்துபோனார். மருத்துவம் படித்த பையனுக்கே அந்த நிலை. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றுக்கொண்டது இதற்குப் போதாது என்று எழுத்தில் சொன்னது. ஆகவே கத்தி பிடிக்கப்போவது யார், அவர் என்ன படித்திருக்கிறார் என்று கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

தம்பிக்கு நான் சொன்னதை அப்படியே தருகிறேன்.

போவதற்கு முன்னால், "எத்தனை நடுவீர்கள்?" என்று கேட்காதே. "எடுத்தது போக பின்னால் எவ்வளவு மிஞ்சும்?" என்று கேள். சர்க்கரை இருந்தால் மறைக்காதே, புண் ஆறுவது தாமதமாகும். சிகரெட்டும் அப்படித்தான்.

முதல் நாள் கட்டு, அப்புறம் களிம்பு. தலையை எப்போது அலசுவது என்று டாக்டர் நாள் சொல்வார். அலசும்போது குவளையில் மொண்டு மெதுவாக ஊற்று, ஷவர் வேண்டாம். தலையணையை உயர்த்திப் படு, மேலே சுத்தமான துண்டு போட்டுத் தினமும் மாற்று. நகத்தை ஒட்ட வெட்டிவிடு. பொருக்கைப் பிய்க்காதே, ஏழிலிருந்து பத்து நாளில் தானே உதிரும். காயம் முழுசாக ஆறும்வரை எண்ணெய், டை, நீச்சல், ஜிம் எதுவும் வேண்டாம். தையல் போட்டிருந்தால் குனிந்து கனம் தூக்காதே, தழும்பு அகலமாகிவிடும். டாக்டர் சரி சொல்லும்வரை டூ வீலரையே எடுக்காதே. அதற்காக ஹெல்மெட் இல்லாமல் ஓட்டிவிடாதே!

பின்னந்தலை சில வாரம் மரத்துப்போன மாதிரி இருக்கும். அங்கங்கே சின்னப் பருவும் வரலாம், கிள்ளாதே. இதெல்லாம் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வலி குறையாமல் ஏறினால், சீழோ நாற்றமோ வந்தால், தோல் கறுத்தால், காய்ச்சல் அடித்தால், "நார்மல் சார்" என்ற பதிலை நம்பாதே. அன்றைக்கே நேரில் போய் ஒரு டாக்டரிடம் காட்டு.

கடைசியாக ஒன்று: முதல் பத்து நாள் தினமும் ஒரு தடவை உன் பின்னந்தலையை யாராவது பார்க்க வேண்டும். மனைவி, அம்மா, ரூம்மேட், யாராக இருந்தாலும் சரி. அப்படி ஒரு ஆள் இல்லையென்றால் தள்ளிப்போடு. முடி காத்திருக்கும்.

எல்லாம் கேட்டுவிட்டு, "சரிண்ணா, அம்மாவை வரச் சொல்லிட்டுப் பண்ணிக்கிறேன்" என்றான். சித்தி இந்நேரம் தேங்காய் எண்ணெய் டப்பாவைப் பெட்டியில் எடுத்து வைத்திருப்பார். அவருக்குத் தனியாக ஒரு ஃபோன் போட வேண்டும் :-)

டிஸ்கி: நான் பி.காம்., டாக்டர் இல்லை. உங்கள் தலைக்கு உங்கள் டாக்டர் சொல்வதே சட்டம்.