துருவி ஆராயாதீர்!

ஓர் அரசு தன் படைவீரர்களிடமே மன்னிப்புக் கோருவது அரிது. 2023 ஜூலை 19 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அது நிகழ்ந்தது. ஓரினச் சேர்க்கையாளர் என்ற காரணத்தால் முப்படைகளிலிருந்தும் வெளியேற்றப்பட்டோரிடம், அன்றைய பிரதமர் ரிஷி சுனக் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். 2024 டிசம்பரில் அவர்களுக்கென ஏழரைக் கோடி பவுண்டு இழப்பீடும் அறிவிக்கப்பட்டது.

மன்னிப்புக் கோரும் அளவுக்கு நடந்தது என்ன? 1967ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுமக்களுக்கு இதில் தண்டனையை விலக்கியது, படையினருக்கு விலக்கவில்லை. சந்தேகத்திற்குள்ளானவரின் பெட்டியை இராணுவப் போலீசார் சோதனையிட்டனர். அந்தரங்கக் கடிதங்களைப் படித்தனர். பல மணிநேரம் கூசவைக்கும் கேள்விகளைக் கேட்டனர். பால்க்லாந்துப் போரில் பணியாற்றிய கடற்படை வீரர் ஒருவரின் நன்னடத்தைப் பதக்கம், 1993இல் அவரை வெளியேற்றியபோது பறிக்கப்பட்டது. அது அவர் கைக்குத் திரும்பியது 2020இல்தான்!

படையின் கட்டொழுங்கு குலையும் என்பதே அரசு சொன்ன காரணம். 1999 செப்டம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. வெளியேற்றியது மட்டுமன்று, துருவி விசாரித்ததும் தனிவாழ்வின் மீதான அத்துமீறலே என்று தீர்ப்பளித்தது. 2000 ஜனவரியில் தடை நீங்கியது. அஞ்சியவாறு கட்டொழுங்கு குலையவில்லை.

இதனை ஒரு முஸ்லிம் எவ்வாறு நோக்குவது? லூத் (அலை) அவர்களின் சமூகத்தாரின் வரலாற்றைத் திருக்குர்ஆன் எடுத்துரைக்கிறது. அச்செயல் ஹராம் என்பதே மார்க்க அறிஞர்களின் தீர்ப்பு. ஒரு நாட்டின் நீதிமன்றத் தீர்ப்பு அதனை மாற்றிவிடாது. ஆனால், பாவத்தைப் பாவமென்று கூறுவது வேறு. மனிதரை வேட்டையாடுவது வேறு. முன்னதைக் கூறிய அதே மார்க்கம்தான் பின்னதைத் தடுக்கிறது.

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் மூன்றை விலக்குகிறது: வீண் சந்தேகம், துருவி ஆராய்தல், புறம் பேசுதல். கலீபா உமர் (ரலி) அவர்கள் ஓர் இரவு சுவரேறிக் குதித்து ஒருவரின் குற்றத்தைக் கண்டதாக ஒரு வரலாறு சொல்லப்படுகிறது. அம்மனிதரோ, "நான் செய்தது ஒரு பிழை; தாங்கள் செய்தவை மூன்று. துருவிப் பார்த்தீர்கள், வாசல் வழியே வரவில்லை, சலாம் கூறி அனுமதி பெறவுமில்லை" என்றாராம். நீதிக்குப் பெயர் பெற்ற கலீபா அவரைத் தண்டிக்காமல் திரும்பினார்கள்.

ஒழுக்கத்தின் மீது பழி சுமத்துவோர் நான்கு சாட்சிகளைக் கொணராவிட்டால் அவர்களே தண்டனைக்குரியோர் என்பதும் இறைச்சட்டமே. உள்ளத்தில் எழும் எண்ணம் சொல்லாகவோ செயலாகவோ ஆகாதவரை அதற்குக் குற்றம் இல்லை என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தந்த நற்செய்தி.

நம் நாட்டிலும் 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், வயதுவந்தோரின் இணக்கத்துடன் கூடிய தனிவாழ்வு குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது. இராணுவத்தில் இதற்கு இடமில்லை என்று 2019 ஜனவரியில் அன்றைய தரைப்படைத் தளபதி பிபின் ராவத் கூறினார். அந்த விவாதம் அரசுக்கும் நீதிமன்றங்களுக்கும் உரியது. நமக்குரிய வினா வீட்டுக்குள் இருக்கிறது.

உங்கள் மகனோ, உடன்பிறந்தாளின் மகளோ, தன் உள்ளத்துப் போராட்டத்தை ஒருநாள் கண்ணீரோடு சொல்லக்கூடும். அன்று நீங்கள் பெட்டியைச் சோதனையிடும் போலீசாராக நிற்பீர்களா? ஊர் வாய்க்கு அவலாக்குவீர்களா? வீட்டை விட்டு விரட்டுவீர்களா? பிறர் குறையை மறைப்பவரின் குறையை மறுமையில் அல்லாஹ் மறைப்பான் என்பது நபிமொழி. மறைத்துக் காத்து, செவிகொடுத்து, அன்போடு நல்வழி கூறுவதே பெற்றோர்க்கு அழகு. விரட்டப்பட்ட பிள்ளையின் செவியில் எந்த நல்லுரையும் விழாது.

தீர்ப்பு நாளின் அதிபதி அல்லாஹ் ஒருவனே. அந்த ஆசனத்தில் நாம் அமராதிருக்க அவனே அருள்புரிவானாக! ஆமீன்.