தாத்தாவின் துணி எந்தக் குலத்துத் துணி?

ஸ்காட்லாந்து நாட்டில் ஆண்கள் இடுப்பில் ஒரு கம்பளித் துணி கட்டுவது உண்டு. மடிப்பு மடிப்பாக இருக்கும். முழங்காலோடு நின்றுவிடும். அதற்குக் "கில்ட்" என்று பெயர். அதில் கட்டம் கட்டமாகப் பல நிறங்கள் ஓடும். அந்தக் கட்டம் போட்ட துணிதான் "டார்ட்டன்". காம்பெல் குலத்துக்கு ஒரு டார்ட்டன், கோர்டன் குலத்துக்கு வேறு டார்ட்டன் என்று குலத்துக்குக் குலம் மாறும்.

அந்த நாட்டு மக்கள் பலர் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறினார்கள். அப்படி ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். தாத்தா இறந்துவிட்டார். அவருடைய பெட்டியில் ஒரு கில்ட் கிடைக்கிறது. பேரன் அதைக் கடைக்கு எடுத்துப் போகிறான். கடையில் உள்ள படத்தில் பச்சையும் கருநீலமும் இருக்கின்றன. தாத்தாவின் துணியிலோ பழுப்பும் சாம்பலும் இருக்கின்றன. "இது உங்கள் குலத்துத் துணி அல்ல" என்கிறார் கடைக்காரர்.

தாத்தா பொய் சொன்னாரா? அவசரப்பட வேண்டாம். கடைக்காரர் சொன்னதுதான் தவறாக இருக்கலாம்!

ஒரே டார்ட்டனைப் பல சாயங்களில் நெய்கிறார்கள். அழுத்தமான நிறத்துக்கு "மாடர்ன்" என்று பெயர். வெளிறிய நிறத்துக்கு "ஏன்ஷியன்ட்" என்று பெயர். மண்ணில் புதைந்து கிடந்ததுபோல் மங்கிய நிறத்துக்கு "வெதர்ட்" என்று பெயர். இந்த மூன்றாவது வகையில் பச்சை பழுப்பாகிவிடும். நீலம் சாம்பலாகிவிடும். குலம் மாறவில்லை. சாயம்தான் மாறியது.

அப்படியானால் அடையாளம் எது? இழைக் கணக்குதான் அடையாளம். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் வருகிறது, ஒவ்வொன்றிலும் எத்தனை இழை என்பதே கணக்கு. பாவில் என்ன வரிசையோ அதே வரிசைதான் ஊடையிலும் வரும். பெரும்பாலான டார்ட்டன்களில் வரிசை ஓர் இடம் வரை போய், அப்படியே திரும்பி வரும். சிவப்பு, பச்சை, நீலம் என்று போனால், பச்சை, சிவப்பு என்று திரும்பும். கணக்கு எழுதுகிறவர்கள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் ஆங்கில எழுத்து வைத்திருக்கிறார்கள். "பி" என்றால் நீலம். ஆகையால் கறுப்புக்குக் "கே" என்று எழுதுகிறார்கள்.

நிறங்களைக் கண்டுபிடிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சிவப்புப் பாவும் பச்சை ஊடையும் குறுக்கிடும் இடம் தவிட்டு நிறமாகத் தெரியும். தவிட்டு நிற நூல் அங்கே கிடையவே கிடையாது! மூன்று நிற நூல் இருந்தால் துணியில் ஆறு நிறம் தெரியும். ஆறு நிற நூல் இருந்தால் 21 நிறம் தெரியும். கலந்த கட்டங்களைப் பார்த்தால் ஏமாந்து போவோம். ஒரே நிறம் தன்னையே குறுக்கிடும் கட்டத்தைப் பார்க்க வேண்டும். அதுதான் சுத்தமான நிறம். சந்தேகம் தீராவிட்டால், துணியின் ஓரத்தில் ஓர் இழையை உருவிப் பார்த்துவிடலாம்.

சில சமயம் ஒரே ஒரு கோடு குலத்தைச் சொல்லிவிடும். "பிளாக் வாட்ச்" என்பது ஒரு பட்டாளத்தின் டார்ட்டன். கருநீலம், கறுப்பு, பச்சை ஆகிய மூன்றே நிறம். அதில் மஞ்சள் கோடு ஓடினால் கோர்டன். வெள்ளைக் கோடும் சிவப்புக் கோடும் ஓடினால் மெக்கன்ஸி. கோடே இல்லாமல் அதே கட்டத்தை வெளிறிய நிறத்தில் நெய்தால், காம்பெல் குலத்தார் தங்களுடையது என்கிறார்கள்!

"ஏன்ஷியன்ட்" என்ற சொல்லுக்குப் பழமையானது என்று பொருள். ஆனால் இந்த வெளிறிய வகை 20-ஆம் நூற்றாண்டில் வந்தது. பழைய செடிச் சாயம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று எண்ணிச் செய்தார்கள். அந்தக் காலத்துச் சாயக்காரர்கள் அவுரியில் அழுத்தமான நீலம் எடுக்கத் தெரிந்தவர்கள். புதிய துணிக்குப் பழமை என்று பெயர் வைத்து விற்பது நமக்குச் சரியாகப் படவில்லை. துணியில் ஒட்டும் சீட்டில் குலத்தின் பெயரோடு இழைக் கணக்கையும் சாயத்தின் வகையையும் அச்சிட வேண்டும். சீட்டு ஒட்ட எவ்வளவு செலவாகிவிடும்? 2008-ல் ஸ்காட்லாந்தில் இதற்கென்று ஒரு சட்டம் செய்தார்கள். அதன்படி 2009 பிப்ரவரியில் அரசாங்கப் பதிவேடு தொடங்கியது. இழைக் கணக்கு அந்தப் பதிவேட்டில் இருக்கிறது. கடைக்காரர் படத்தைக் காட்டுவதற்குப் பதிலாக அதைக் காட்டலாம்.

குலத்துக்கு ஒரு டார்ட்டன் என்ற கட்டுப்பாடும் நாம் நினைக்கிற அளவு பழையது அல்ல. 1746-ல் பிரிட்டிஷ் ஆட்சி, மலைநாட்டு ஆண்கள் கில்ட் கட்டக்கூடாது என்று சட்டம் போட்டது. 1782-ல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. 1815-ல் இலண்டனில் இருந்த மலைநாட்டார் சங்கம், "உங்கள் குலத்து டார்ட்டன் எது?" என்று தலைவர்களைக் கேட்டது. சில தலைவர்களுக்கே தெரியவில்லை! பானக்பர்ன் ஊரில் வில்சன் என்ற நெசவுக் கம்பெனி இருந்தது. அது வெறும் எண் போட்டு விற்ற துணிகள் சில, பின்னால் குலப் பெயர் பெற்றன. 1822-ல் நாலாம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்து, அங்கே கில்ட் கட்டினார். பிறகு டார்ட்டன் மோகம் தலைக்கு ஏறியது.

அதற்காகத் தாத்தாவின் துணி மட்டம் என்று ஆகிவிடாது. அவர் அதைக் கட்டினார், பெட்டியில் மடித்து வைத்தார். பேரன் செய்ய வேண்டியது இழைகளை எண்ணுவதுதான்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் கிளென் ஆஃப்ரிக் என்ற பள்ளத்தாக்கில், சதுப்பு நிலத்தில் ஒரு துண்டுத் துணி கிடைத்தது. சேறு அதை மக்கவிடாமல் காத்தது. விஞ்ஞானிகள் சோதித்தார்கள். 2023-ல் முடிவு வெளியாயிற்று. பச்சையும் பழுப்பும் கண்ணுக்குத் தெரிந்தன. சிவப்பும் மஞ்சளும் இருந்திருக்கலாம் என்றார்கள். பச்சையில் அவுரி வகைச் சாயம் இருந்தது. செயற்கைச் சாயம் இல்லை. பெரும்பாலும் 1500-க்கும் 1600-க்கும் இடையில் நெய்தது என்று கணக்கிட்டார்கள். ஸ்காட்லாந்தில் கிடைத்த டார்ட்டன்களில் அதுவே மிகப் பழையது என்கிறார்கள். அதற்கு எந்தக் குலத்தின் பெயரையும் வைக்கவில்லை. கிடைத்த பள்ளத்தாக்கின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.